ஒரே சிபியுவில் மூன்று மானிட்டர் மாட்டலாமா? அவிநாசியிலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கேட்டவர் அவிநாசியில் வீட்டிலிருந்தே பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போட்டுத் தருபவர். ஐ5 10400 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11. கார்டின் பின்னால் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், டிவிஐ என்று ஆளுக்கொன்று இருக்கிறது. கையில் 22 அங்குல மானிட்டர் ஒன்று, பரணில் விஜிஏ மட்டும் உள்ள பழைய 19 அங்குல சதுர மானிட்டர் ஒன்று. புதிதாக 24 அங்குலம் ஒன்று வாங்கும் எண்ணம். எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்கி மாட்டினால் இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறதாம். டேபிள் நாலடி, யுபிஎஸ் 600 விஏ. பக்கத்தில் தறிக்குடோன். சிபியுவைத் தொட்டால் சில சமயம் ‘சுர்’ரென்று இழுக்கிறது என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார்.

அந்தச் ‘சுர்’ரிலிருந்துதான் தொடங்க வேண்டுமுங்க. மற்றதெல்லாம் பிறகு.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே, கரண்ட் நுழைகிற இடத்தில், பேஸிலிருந்து பாடிக்கும் நியூட்ரலிலிருந்து பாடிக்கும் சின்னச் சின்னதாக இரண்டு கெபாசிட்டர் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் சிபியுவின் தகரப் பெட்டி 230 வோல்ட்டில் பாதியளவில், கிட்டத்தட்ட 115 வோல்ட்டில், தொங்கிக்கொண்டிருக்கும். கரண்டின் அளவு மிகக் குறைவு என்பதால் விரலில் கூச்சம் போலத்தான் தெரியும். ஆனால் எச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் பின்னாலுள்ள சிப் 5 வோல்ட்டுக்குள் வேலை செய்வது. சிபியு ஒரு பிளக்கிலும் மானிட்டர் வேறு பிளக்கிலும் இருந்து, இரண்டும் ஆனில் இருக்கும்போது கேபிளைச் சொருகினால், அந்த வித்தியாசம் முழுவதும் கேபிள் வழியாகத்தான் சமன் ஆகும். கார்டில் ஒரு போர்ட் மட்டும் செத்துப்போவதற்கு இது முக்கியமான காரணம். ஒரு மானிட்டர் வைத்திருப்பவர் கேபிளைக் கழற்றுவதே அபூர்வம். மூன்று வைத்தால் அடிக்கடி கழற்றி மாட்டுவீர்கள், ஆபத்தும் அந்த அளவுக்குக் கூடும்.

மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து, பழக்கப்பட்டவரை விட்டு மூன்று ரீடிங் எடுக்கச் சொல்லுங்கள். சுவிட்ச் போர்டை நேராகப் பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230ஐ ஒட்டி வரும். பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பேஸ்-எர்த் 80, 120 என்று ஏனோதானோவென்று காட்டினால் எர்த் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. சித்திரை வைகாசியில் மண் காய்ந்து எர்த் குழியே வேலை செய்யாமல் இருப்பதும் நம் பக்கம் சகஜம். குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். விரலில் கூச்சமாக இல்லாமல் பலமாகவே அடிக்கிறது என்றால் அது வெறும் கசிவில்லை. அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அதுவரை சிபியுவை ஆன் செய்ய வேண்டாம்.

எர்த் சரியான பிறகு சிபியு, மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில், மூன்று பின் பிளக்கோடு மாட்டுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் எதையும் நடுவில் வைக்கக் கூடாது. கேபிள் மாற்றும்போது சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

இனி ஸ்ப்ளிட்டர். அது பழுதில்லை, அதன் வேலையே அதுதான். ஒரே பைப்பில் டீ போட்டு இரண்டு குழாய்க்குப் பிரித்துவிட்ட மாதிரி, கார்டிலிருந்து வரும் ஒரே படத்தை இரண்டு பக்கமும் அனுப்புகிறது. கார்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மானிட்டர் இருப்பதே தெரியாது, அதனால் விண்டோஸில் எதைத் திருகினாலும் தனித்தனிப் படம் வராது. தனித்தனிப் படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிப் போர்ட் வேண்டும். ஸ்ப்ளிட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கார்டு மூன்று மானிட்டரைத் தாங்கும், மூன்று போர்ட்டும் இருக்கிறது. எதில் எதை மாட்டுவது என்பதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள்.

கடையில் கிடைக்கும் விலை குறைந்த 24 அங்குல மானிட்டர்கள் பலவற்றில் எச்டிஎம்ஐயும் விஜிஏவும் மட்டும்தான் இருக்கும், டிஸ்ப்ளேபோர்ட் இருக்காது. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டர் கிடைத்தால் நேராக அந்தக் கேபிள். இல்லாவிட்டால், கார்டின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குப் போகும் சாதாரணக் கேபிளே போதும். கார்டு தானாகவே எச்டிஎம்ஐ சிக்னலுக்கு மாறிக்கொள்ளும். ஆனால் இது ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து கிளம்பி டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக அதே கேபிளைத் திருப்பி மாட்டினால் ஒன்றும் வராது. அதற்கு யுஎஸ்பியில் பவர் எடுக்கும் தனிக் கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் கேட்கும்போது ‘கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ’ என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். முழுநீள டிஸ்ப்ளேபோர்ட் கேபிளின் தலையில் பெரும்பாலும் ஒரு அமுக்குப் பட்டன் இருக்கும். அதை அமுக்காமல் இழுத்தால் கொக்கி போர்ட்டையே பிய்த்துவிடும்.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. தரமில்லாத சில கேபிள்களில் 20ஆவது பின்னை இரு முனையிலும் இணைத்துவிடுகிறார்கள். தர விதிப்படி அது இணைக்கப்படக் கூடாது. இணைத்தால் மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் கார்டுக்குள் திரும்பி வரும். சிபியுவை அணைத்த பிறகும் உள்ளே லைட் லேசாக எரிவது, காலையில் ஆன் செய்தால் பூட் ஆகாமல் மக்கர் செய்வது எல்லாம் இதனால் வரும். மானிட்டர் பெட்டியிலேயே வரும் கேபிள் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

டிவிஐயைக் கொஞ்சம் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வலமோ இடமோ ஒரு ஓரத்தில் கிடையாக நீளமான ஒரு பிளவு இருக்கும். அதன் மேலும் கீழுமாக நான்கு சின்னத் துளை இருந்தால் அதிலிருந்து விஜிஏ சிக்னலும் வரும். பிளவு மட்டும் தனியாக இருந்தால் அது டிவிஐ-டி, டிஜிட்டல் மட்டும். 1650இல் இருப்பது டிவிஐ-டிதான். ஆகவே குறைந்த விலைக்கு விற்கும் டிவிஐ-விஜிஏ முனையை இதில் மாட்டினால் ஒன்றுக்கும் ஆகாது, பெரும்பாலும் உள்ளேயே நுழையாது. சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும், ‘24+1 பின், ஆக்டிவ்’ என்று போட்டிருக்கும். டிவிஐ-டியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மட்டும் சாதாரணக் கேபிள் போதும், இரண்டிலும் ஓடுவது ஒரே வகைச் சிக்னல்.

ஆக ஒரு வழி: புது 24 எச்டிஎம்ஐயில், 22 அங்குலம் டிவிஐ-எச்டிஎம்ஐ கேபிளில், பழைய 19 டிஸ்ப்ளேபோர்ட்-விஜிஏ கன்வெர்ட்டரில்.

கன்வெர்ட்டருக்குக் காசு செலவழிக்காமலும் 19ஐ ஓட்டலாம். உங்கள் ப்ராசஸரின் பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்து இல்லை. அப்படியென்றால் உள்ளேயே இன்டெல் கிராபிக்ஸ் இருக்கிறது, மதர்போர்டின் பின்பக்கம் விஜிஏ போர்ட் இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு மாட்டியதும் மதர்போர்டு அதைத் தானாக அணைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் போங்கள். ஏசஸ் போர்டில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’, எம்எஸ்ஐயில் ‘ஐஜிடி மல்டி மானிட்டர்’, ஜிகாபைட்டில் ‘இன்டர்னல் கிராபிக்ஸ்’. அதை எனேபிள் செய்யுங்கள். பிரைமரி டிஸ்ப்ளே மட்டும் கார்டு பக்கமே இருக்கட்டும். சேமித்து வெளியே வந்து, இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டால் விஜிஏவில் படம் வந்துவிடும். அந்த மானிட்டரில் வீடியோவோ கனமான டிசைனோ ஓட்ட வேண்டாம். வாட்ஸ்அப், மெயில், பையர் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டுக்கு அது தாராளம். ‘எஃப்’ ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது.

போர்ட் கணக்கு முடிந்தது. டேபிள் கணக்குதான் உங்கள் விஷயத்தில் முடிவு செய்யும். நாலடி என்பது 122 சென்டிமீட்டர். 24 அங்குல அகலத்திரை 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். 22 அங்குலம் என்று விற்பது பெரும்பாலும் 21.5தான், அகலம் சுமார் 48, உயரம் 27. பழைய 19 சதுர மானிட்டர் சுமார் 38 அகலம், 30 உயரம். மூன்றையும் வரிசையாக வைத்தால் திரை மட்டுமே 139, ஓரச் சட்டம் சேர்த்தால் 145க்கு மேல். நாலடியில் அடங்காது. அடக்கினாலும் கடைசி மானிட்டருக்குக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டும்.

பலரும் கவனிக்காதது ஒன்று. 24 அகலத்திரையும் 19 சதுரத்திரையும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று 1920×1080, மற்றது 1280×1024. அங்குலத்துக்கு 92 புள்ளி, 86 புள்ளி. பக்கத்தில் பக்கம் வைத்தால் எழுத்தின் அளவு இரண்டிலும் ஒத்துப்போகும், விண்டோவை இழுத்தால் சட்டென்று பெருக்காது, சிறுக்காது. 24க்குப் பக்கத்தில் 22 வைத்தால் 102 புள்ளி, எழுத்து சிறுத்துத் தெரியும். அதனால் என் யோசனை இதுதான். முதலில் 24ஐ நேர் எதிரிலும் 19ஐ இடப்பக்கம் லேசாக உள்நோக்கித் திருப்பியும் வையுங்கள். ஒரு மாதம் அப்படியே வேலை பாருங்கள். 22ஐ அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். டிசைன் வேலைக்கு ஒரு நல்ல திரையும் பக்கத்தில் ஒரு சுமாரான திரையும் போதும். மூன்றாவது தேவைப்படுவது, ஒரே நேரத்தில் டிசைன், டெக் பேக் (ஆடையின் அளவு, விவரத் தாள்), ஆர்டர் எக்ஸெல் மூன்றையும் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டியவர்களுக்குத்தான்.

மூன்றாவதைச் சேர்ப்பதென்றால் 22ஐ நெட்டுக்குத்தலாக நிறுத்துங்கள், 27 செ.மீ. இடம்தான் பிடிக்கும். கூட வரும் ஸ்டாண்டில் அது பெரும்பாலும் திரும்பாது, கிளாம்ப் ஆர்ம் வேண்டும். வாங்கும் முன் மானிட்டரின் முதுகில் நான்கு ஸ்குரூ துளை சதுரமாக இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி 75 அல்லது 100 மில்லிமீட்டர். சில விலை குறைந்த மாடல்களில் துளையே இருக்காது. ஸ்குரூ பெரும்பாலும் எம்4, நீளம் 10 அல்லது 12 மி.மீ. அதற்கு மேல் நீளமாகப் போட்டு இறுக்கினால் உள்ளே பேனலைக் குத்தும். டேபிள் பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் கிளாம்ப் அழுத்தத்தில் நாளடைவில் ஓரம் நொறுங்கும். 3 மி.மீ. எம்எஸ் (சாதாரண இரும்பு) பிளேட் ஒன்றை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக் கிளாம்புக்கு மேலும் கீழும் வையுங்கள். கோயமுத்தூர் கணபதி பக்கம் போனால் எந்தப் பட்டறையிலும் வெட்டி மூலை தேய்த்துத் தருவார்கள். திருப்பூரில் கிரில் பட்டறையே போதும். கண்ணாடி டேபிளில் கிளாம்ப் கூடவே கூடாது.

உயரம்: திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழோ. தூரம் ஒரு கை நீளம். இரண்டு பவர் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் கீழே இறக்கிக்கொள்ளட்டும்.

விண்டோஸில் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. எல்லாவற்றையும் மாட்டி ஆன் செய்த பிறகு விண்டோஸ் விசையோடு பி (P) தட்டி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ். ‘ஐடென்டிஃபை’ தட்டினால் ஒவ்வொரு திரையிலும் எண் தெரியும். மேலே இருக்கும் பெட்டிகளை மேஜையில் மானிட்டர் இருக்கும் அதே வரிசையில் இழுத்து வைத்து, மேல் விளிம்பை ஒன்றாக்குங்கள். மவுஸ் ஓரத்தில் சுவரில் மோதியது போல நிற்கிறது என்று வரும் புகாரெல்லாம் இந்தப் பெட்டிகள் மேலும் கீழுமாக இருப்பதால்தான். 24ஐச் சொடுக்கி ‘மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே’ டிக் செய்யுங்கள். ஒவ்வொரு திரைக்கும் ‘ரெகமெண்டட்’ என்று போட்டிருக்கும் ரெசல்யூஷனையே வையுங்கள். ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி 60இலேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர். ‘மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்’ பகுதியில் விண்டோ இருந்த இடத்தை நினைவில் வைக்கும் வசதியை டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மானிட்டர் தூங்கி எழும்போதெல்லாம் விண்டோக்கள் இடம் மாறிக் கிடக்கும். விண்டோவை அடுத்த திரைக்குத் தள்ள விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு அம்பு விசை.

கோரல்டிராவில் டாக்கர் எனும் கருவிப் பலகைகளையெல்லாம் பிடித்து இழுத்து 19க்கு அனுப்பிவிட்டு, அதை வொர்க்ஸ்பேஸாகச் சேமியுங்கள். 24 முழுக்க டிசைனுக்கே கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் ‘விண்டோ, அரேஞ்ச், நியூ விண்டோ’ கொடுத்தால் அதே ஃபைல் இரண்டாவது தடவை திறக்கும். ஒன்றை 100 சதவீதத்தில் ஒரு திரையிலும், மற்றதை 800இல் அடுத்த திரையிலும் வையுங்கள். செப்பரேஷன் (நிறம் நிறமாகப் பிரித்த படம்) ஓரங்களைப் புள்ளி புள்ளியாகத் திருத்தும்போதே முழு டிசைன் எப்படி மாறுகிறது என்று பக்கத்திலேயே தெரியும். உங்கள் வேலையில் இரண்டாவது மானிட்டர் கொடுக்கும் மிகப் பெரிய பலன் இது என்பேன்.

நிறத்தை 19இல் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய மானிட்டரின் பின்விளக்கு டியூப் வகை, வயதாக ஆக மஞ்சளடிக்கும். பேனலும் பெரும்பாலும் டிஎன் எனும் வகை, தலையை அசைத்தாலே நிறம் மாறும். புதிதாக வாங்கும் 24, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலாகவும், எஸ்ஆர்ஜிபி எனும் பொதுவான நிறப்பரப்பைக் கிட்டத்தட்ட முழுதாகக் காட்டுவதாகவும் இருக்கட்டும். மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் அல்லது 6500கே வைத்து, வெளிச்சத்தைப் பாதிக்குக் குறையுங்கள். கடையில் இருந்து வருவது போலவே 100இல் விட்டால் பிரிண்ட் எப்போதும் மங்கலாக வந்தது போலவே தோன்றும். இவ்வளவு செய்தாலும் பையர் சொன்ன பாண்டோன் டிசிஎக்ஸ் ஸ்வாட்ச்தான் (எண் போட்ட துணி நிற மாதிரி) கடைசி வார்த்தை. ஸ்ட்ரைக் ஆஃபை (சாம்பிள் பிரிண்ட்) கலர் மேட்சிங் கேபினெட்டில் டி65 எனும் பகல் வெளிச்ச விளக்கில் வைத்துப் பார்த்து அப்ரூவல் வாங்குவதை மானிட்டர் எதுவும் மாற்றிவிடாது.

கரண்ட். 24 அங்குல எல்இடி மானிட்டர் 15 முதல் 25 வாட், 22 அதற்குச் சற்றுக் குறைவு, பழைய 19 மட்டும் தனியாக 35 வாட் வரை இழுக்கும். மூன்றும் சேர்ந்து 80க்குள். சிபியு டிசைன் வேலையில் 100 முதல் 150. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும். ஆகவே லோடு பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று. நல்ல நிலையில் ஐந்து முதல் பத்து நிமிடம், சேமித்து அணைக்கப் போதும். 24ஐயும் சிபியுவையும் மட்டும் யுபிஎஸ்ஸில் வைத்து, மற்றதை அதே இடத்தில் எர்த் உள்ள சாதாரண பிளக்கில் வைத்தால் இன்னும் கொஞ்சம் நீளும். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. அதன் ஹீட்டர் சூடேறும் நொடியில் எல்லாம் சேர்ந்து அணைந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்தும்போது வேலை ஓட வேண்டுமென்றால் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன்தான் வழி. கோடை இடிமழை நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

மாட்டிய பிறகு படம் வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். கேபிள் கார்டில் போகாமல் மேலே இருக்கும் மதர்போர்டு போர்ட்டில் போயிருக்கிறதா? மானிட்டர் மெனுவில் இன்புட் சரியா? பழைய மானிட்டர்கள் தானாக மாறாது. படம் வரும் மானிட்டரின் கேபிளைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். கேபிளா, போர்ட்டா, மானிட்டரா என்று இரண்டு மாற்றத்தில் தெரிந்துவிடும். திரை திடீரென்று கறுத்துப்போனால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்துத் தட்டுங்கள், டிரைவர் மறுபடி எழும். விஜிஏவில் எழுத்து நிழலடித்தால் மானிட்டரின் ‘ஆட்டோ’ பட்டன். எச்டிஎம்ஐயில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ உள்ளே ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ லிமிடெட்டில் இருக்கும், ஃபுல் ஆக்குங்கள்.

தறிக்குடோன் பக்கத்தில் இருப்பதால் பஞ்சுத்தூசியைச் சொல்லாமல் விட முடியாது. மானிட்டர் கூடும்போது கார்டு வேலையில்லாத நேரத்திலும் சற்றுக் கூடுதல் சூட்டில் ஓடலாம். அதன் ஃபின்னில் பஞ்சு கம்பளி போல அடைத்தால் ஃபேன் இரைச்சல் போடும், வேலை நடுவில் படம் போய்ப் போய் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் மாதம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அசுர வேகத்தில் சுற்றி பேரிங் தேய்ந்துவிடும். சிபியுவைத் தரையில் வைத்திருந்தால் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிடுங்கள். கேபிள் வாங்கும்போது அந்த உயரத்தையும் கணக்கில் வைத்து 1.5 மீட்டருக்குப் பதில் 2 மீட்டராகக் கேட்டு வாங்குங்கள்.